ஆதிவேதத்தை முழுக்க வாசித்தல்: தங்கவயலிலிருந்து ஒரு கணக்கு

ஒரு நூலைப் போற்றுவதற்கும் அதை வாசிப்பதற்கும் நடுவே எத்தனை தூரம் இருக்கிறது என்பதைப் பற்றியதே இக்கட்டுரை. அயோத்திதாசப் பண்டிதர் எழுதி 1912-இல் நூலாக வந்த 'பூர்வத் தமிழொளியாம் புத்தரது ஆதிவேதம்' என்ற நூலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்து முடித்தேன். நூறு நாளில் முடிப்பதாகத் திட்டம். ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்தில் நூலைப் பற்றி நான் கொண்டிருந்த கருத்துகள் பலவும் மாறிப்போயின. அந்தக் கணக்கை நம் மலர் வாசகர்கள் முன் வைக்கிறேன்.

தொடக்கம் ஓர் அயலாரால் வந்தது. பெங்களூரில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர். 'மார்மன்கள்' என்று நாம் சொல்லும் கூட்டம்தான். மதிய உணவு இடைவேளையில் தினமும் ஒரு சிறு நூலை எடுத்துப் பத்து நிமிடம் வாசிப்பார். விசாரித்தபோது, தம் சபையின் வேதங்கள் நான்கையும் முழுக்க வாசித்துவிட வேண்டும் என்று தமக்குத்தாமே ஓர் இலக்கு வைத்திருப்பதாகச் சொன்னார். விவிலியம், மார்மன் புஸ்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையேறப்பெற்ற முத்து என்பவையே அந்த நான்கு. அவர்களுக்குள் இது புதிய வழக்கமில்லை. 2005 ஆகஸ்டில் அச்சபையின் தலைவராக இருந்த கோர்டன் ஹிங்க்லி, அந்த ஆண்டு முடிவதற்குள் மார்மன் புஸ்தகத்தை எல்லோரும் வாசித்து முடிக்க வேண்டும் என்று உலகெங்கும் உள்ள உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். மொத்தம் 239 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்றரை அதிகாரத்துக்குச் சற்று மேலே வாசித்தால் கணக்கு முடிந்துவிடும்.

நண்பர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "உங்க குடும்பம் பௌத்தம்னு சொன்னீங்களே, உங்க வேதத்தை நீங்க முழுசா படிச்சிருக்கீங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. மாரிகுப்பம் பௌத்த சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர். எங்கள் வீட்டில் பண்டிதரின் படம் மாட்டியிருந்தது. மேடைகளில் நானும் அவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஆனால் 'ஆதிவேத'த்தில் நான் வாசித்தது முப்பது நாற்பது பக்கம்தான். அதுவும் மேற்கோளுக்காகப் புரட்டியது.

அந்த வாரமே ஸ்கெலட்டனில் இருக்கும் என் தாய்மாமன் வீட்டுக்குப் போனேன். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களில் அவரும் ஒருவர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "அது சும்மா கண்ணால ஓட்டுற புஸ்தகம் இல்ல மாப்ளே. எங்கப்பா காலத்துல ஒருத்தர் படிப்பாரு, நாலு பேரு கேப்பாங்க. நீ ஞாயித்துக்கிழமை வந்து சத்தமா படி, நான் கேக்குறேன்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

தங்கவயலும் ஒரு வேதமும்

இளைய வாசகர்களுக்காகச் சில விவரங்கள். பண்டிதர் பிறந்தது 1845-இல். 1898-இல் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கைக்குச் சென்று சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். அதே ஆண்டில் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19-ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப் பின் அது 'தமிழன்' என்று பெயர் மாறிற்று. 1914 மே 5-இல் மறையும் வரை அவரே அதை நடத்தினார்.

இந்த இயக்கத்தின் தலைமையிடம் சென்னை. ஆனால் அதைத் தாங்கிய தோள்களில் பெரிய தோள் தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்தபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் அலையலையாக வந்தன. பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். பூமிக்கடியில் வேலை கடினம், பாறை வெடித்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை. ஆனாலும் மாதச் சம்பளம் உண்டு, ஊர்க் கவுண்டரோ நாட்டாமையோ கிடையாது. கையில் ரொக்கமும் வாரத்தில் ஓய்வும் கிடைத்தவுடன் அவர்கள் செய்த காரியங்களில் ஒன்று சங்கம் வைத்ததும் பத்திரிகை வாங்கியதும். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கக் கிளைகள் நடந்தன. மாரிகுப்பம் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டுப் பரப்பியது. பண்டிதர் மறைந்து நின்றுபோன 'தமிழ'னை 1926-இல் மீண்டும் எழுப்பியவர் தங்கவயலின் ஜி. அப்பாதுரையார். தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஒரு தமிழ் வேதத்தை உயிரோடு வைத்திருந்தார்கள் என்பது, வெளிமாநிலத்தில் வாழும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

பின்னர் நெடுநாள் மறதி. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளை வெளியிட்டது. அதன் பிறகே என் தலைமுறைக்கு இந்த எழுத்து முழுமையாகக் கைக்குக் கிடைத்தது. நான் வாசித்ததும் அந்தத் தொகுதியிலிருந்துதான்.

முதல் தடை: அந்தத் தமிழ்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் இரண்டு முறை விட்டுவிட நினைத்தேன். நூல் புத்தரின் வாழ்க்கையை, பிறப்பிலிருந்து பரிநிருவாணம் வரை சொல்கிறது. நால்வகை வாய்மை, எண்வழிப் பாதை முதலிய போதனைகளும் இடையிடையே வருகின்றன. கதை தெரிந்த கதைதான். ஆனால் நடை நீளமானது. ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். வடசொல்லும் பழந்தமிழும் கலந்து வரும். நடுவே மணிமேகலை, வீரசோழியம், அருங்கலச்செப்பு, நிகண்டுகள் என்று பாட்டுக்கு மேல் பாட்டாக ஆதாரம் வைக்கப்படும். கண்ணால் வாசிக்கும்போது இது மூச்சுமுட்டியது.

சத்தமாக வாசித்தபோது வேறுமாதிரி இருந்தது. அந்த நீண்ட வாக்கியங்கள் பேச்சுக்காகக் கட்டப்பட்டவை. எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பது குரலுக்குத் தெரிகிறது. ஆதாரப் பாட்டு வரும்போது மாமா நிமிர்ந்து உட்காருவார். வாராவாரம் 'தமிழன்' வந்தவுடன் எழுதப்படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் நினைவல்ல, அந்த நடைக்கே அது காரணம் என்று அப்போது புரிந்தது. பண்டிதரின் உரைநடையைக் 'கரடுமுரடு' என்று தள்ளிவிடும் விமர்சகர்கள் அதை ஒரு பக்கமாவது வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் தடை: உண்மை

மூன்றாம் மாதத்தில் வந்த தடை பெரிது. நான் கொஞ்சம் படித்தவன். வாசிக்க வாசிக்க, இது சரியில்லையே என்று தோன்றும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். குறிப்புகள் பெருகின.

முதலாவது, பண்டிதர் பௌத்த ஆதாரமாக எடுத்தாளும் நூல்களில் பல சமண நூல்கள். சீவக சிந்தாமணி, சூளாமணி, அருங்கலச்செப்பு, அறநெறிச்சாரம் ஆகியவற்றைச் சமணம் சார்ந்தவை என்றே இன்று அறிஞர்கள் கொள்கிறார்கள். பண்டிதர் இரண்டையும் ஒன்றாகவே பார்த்தார். மணிமேகலையும் வீரசோழியமும்தான் ஐயமின்றிப் பௌத்த நூல்கள்.

இரண்டாவது, புத்தரே வடமொழிக்கும் தென்மொழிக்கும் எழுத்து வகுத்துப் பாணினிக்கும் அகத்தியருக்கும் கற்பித்தார் என்பது அவருடைய கருத்து. வீரசோழியத்தின் பாயிரம் சொல்வது, அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று. அது பதினொன்றாம் நூற்றாண்டின் மகாயானப் பௌத்த மரபு. அதை வைத்துப் புத்தர் காலத்து வரலாற்றை எழுத முடியாது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளின் வாசிப்பு 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயரால் உறுதிப்பட்டு, 2003-இல் ஐராவதம் மகாதேவனின் பெருநூலில் முழுமை பெற்றது. இவையெல்லாம் பண்டிதர் காணாதவை.

மூன்றாவது, சொற்பிறப்பு. ஐம்பொறிகளை வென்றவர் 'ஐந்திரர்', அதுவே இந்திரர் ஆயிற்று என்பார். தீபாவளியைத் தீபவதி நதிக்கரையில் எள்ளின் நெய் கண்டறிந்த நாளாக 'தமிழ'னில் விளக்குவார். அழகாக இருக்கின்றன. மொழியியல் இவற்றை ஏற்காது.

இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு இது வரலாறு. இந்த நூல் சொன்னதை நம்பித்தான் அவர் அப்பா நெற்றி நிமிர்த்தி நடந்தார். போதாததற்கு, மாமாவின் பேரன் அந்த ஆண்டு வைகாசிப் பௌர்ணமிக் கூட்டத்தில் பேசுவதாக இருந்தான். "இதையெல்லாம் எழுதிக் கொடு மாப்ளே, அவன் மனப்பாடம் பண்ணிடுவான்" என்று என்னிடம்தான் பொறுப்பு விட்டிருந்தார். பெங்களூர் கல்லூரியில் படிக்கும் பையன் தவறான ஒன்றை வரலாறாக மேடையில் சொல்லி, நாளை யாராவது அவனை மடக்கினால்? உண்மை என்று தெரியாததை எழுதிக் கொடுப்பது சரியா? இரண்டு ஞாயிறு நான் ஸ்கெலட்டன் பக்கம் போகவே இல்லை.

ஓர் ஒப்பீடு

அந்த இடைவெளியில் நண்பரிடம் மார்மன் புஸ்தகத்தை வாங்கிப் பார்த்தேன். என் சிக்கலுக்கு எதிர்பாராத இடத்திலிருந்து வெளிச்சம் கிடைத்தது.

அந்த நூல் 1830-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துப் பால்மைராவில் அச்சானது. அதைத் தந்தவர் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர். ஒரு குன்றில் புதைந்து கிடந்த பொன் தகடுகளில் இருந்ததைத் தெய்வ அருளால் மொழிபெயர்த்ததாகச் சொன்னார். கி.மு. 600 அளவில் எருசலேமிலிருந்து கப்பலேறி அமெரிக்கா சேர்ந்த ஒரு குடும்பத்தின் வம்ச வரலாறு அது. தங்கத்தை வெட்டிய ஊரில் பிறந்த எனக்குப் பொன் தகட்டு வேதம் என்றவுடன் ஆவல் பிறந்தது இயல்புதானே!

இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே புதிய காலத்தில் எழுந்து, 'இது புதிதன்று, தொலைந்துபோன பழையது' என்று சொல்லும் வேதங்கள். இரண்டுமே ஒரு மண்ணின் மக்கள் யார், ஏன் இந்த நிலைக்கு வந்தார்கள் என்று கதை சொல்கின்றன. இரண்டின் வரலாற்றுக் கூற்றுகளையும் ஆய்வுலகம் ஏற்பதில்லை.

ஆனால் இரண்டு வேற்றுமைகள் அதைவிடப் பெரியவை. மார்மன் புஸ்தகத்தில் இறைவழி தவறிய கூட்டத்துக்குக் கருந்தோல் ஒரு சாபமாக வருகிறது. அமெரிக்கப் பழங்குடிகள் அந்தக் கூட்டத்தின் வழிவந்தோர் என்றே நெடுங்காலம் போதிக்கப்பட்டது. அவர்களின் 'முதன்மையான மூதாதையர்' என்று முன்னுரையில் இருந்ததை, 'மூதாதையருள் அடங்குவர்' என்ற பொருள்படச் சபையே 2006-இல் திருத்தியது. பண்டிதரின் கதை இதற்கு நேர்மாறு. தாழ்த்தப்பட்டவர்கள் தவறு செய்ததால் தாழவில்லை. அறத்தை விடாததால் தாழ்த்தப்பட்டார்கள். உண்மையை வெளியே பறைந்ததால் பறையர் ஆக்கப்பட்டார்கள். வேஷப் பிராமணர், யதார்த்தப் பிராமணர் என்ற அவருடைய பிரிவினையும் இதைத்தான் சொல்கிறது. பிறப்பில் எந்தச் சாபமும் இல்லை, நடத்தையே அளவு. மொழியியலாக இது நிற்காது. அறமாக நிற்கிறது.

இரண்டாவது வேற்றுமைதான் என் சிக்கலை அவிழ்த்தது. மார்மன் புஸ்தகம் தன் முடிவில் வாசகனிடம் கேட்பது ஒரு வேண்டுதலை: வாசித்தபின் இது மெய்யா என்று கடவுளைக் கேள், அவர் உள்ளத்தில் உணர்த்துவார். தகடுகளோ இன்று யார் பார்வைக்கும் இல்லை. பண்டிதர் அப்படிக் கேட்கவில்லை. எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பாட்டைக் கொண்டுவந்து, நூற்பெயரையும் கூறி முன்னால் வைக்கிறார். அதாவது, போய்ப் பார்த்துக்கொள் என்கிறார். சான்றோடு எழுதப்பட்ட வேதம் இது. சான்று வைத்தவன் சோதனைக்கு அஞ்சாதவன். அப்படியானால் அவருடைய சான்றைச் சோதிப்பதும், தவறு கண்டால் தவறு என்பதும் அவர் காட்டிய வழியில் நடப்பதே ஆகும். நான் பென்சிலால் குறித்தது துரோகமல்ல, அந்த நூல் கேட்ட வாசிப்பே அதுதான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சிட்டதும் 1898-இல்தான். தமிழுக்கு ஒரு பௌத்த வரலாறு உண்டென்ற நினைப்பே அப்போது புதிது. மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' வர 1940 ஆயிற்று. அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' அவர் மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்தது. அதற்கு 45 ஆண்டுகள் முன்னால், கையில் கிடைத்த நிகண்டையும் ஏட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் இந்தக் கட்டடத்தை எழுப்பினார். சில கற்கள் உடைந்தவை என்பது பெரிதா, அதற்குள் இரண்டு தலைமுறை குடியிருந்தது பெரிதா?

முடிவும் ஒரு வேண்டுகோளும்

மூன்றாம் ஞாயிறு போனேன். குறிப்புகளை மாமாவிடம் ஒன்றுவிடாமல் படித்துக் காட்டினேன். அவர் நடுவில் பேசவில்லை. கடைசியில், "இதெல்லாம் முழுசா படிச்சுட்டுச் சொல்றியா, பாதியில சொல்றியா?" என்றார். பாதிதான் ஆகியிருந்தது. "அப்ப முழுசா படிச்சு முடி. முடிச்சப்புறமும் தப்புன்னு தோணுச்சுன்னா எழுது. பையனும் அதையே பேசட்டும். எங்கப்பா காலத்துல சங்கத்துல கேள்வி கேக்காதவனை உக்கார வெக்க மாட்டாங்க" என்றார்.

அப்படியே முடித்தோம். வைகாசிப் பௌர்ணமிக்குப் பையன் பேசினான். பண்டிதர் சொன்னது இது, இன்று நாம் அறிந்தது இது, இரண்டையும் தாண்டி நமக்கு மிஞ்சுவது இது என்று மூன்று பகுதியாகப் பேசினான். முன்வரிசைப் பெரியவர்களில் ஒருவர் எழுந்து கோபமாகவே இரண்டு கேள்வி கேட்டார். பையன் ஒன்றுக்குப் பதில் சொன்னான். மற்றதற்கு "தெரியலை ஐயா, படிச்சுட்டு வர்றேன்" என்றான். மாமாவுக்கு அதில்தான் அதிக மகிழ்ச்சி.

முற்றோதல், பாராயணம் என்று முழுக்க வாசிக்கும் மரபு நமக்கும் உண்டு. ஓதுவது வேறு, வாசிப்பது வேறு. ஓதுபவன் நூலைத் தன் வாயில் வைக்கிறான். வாசிப்பவன் நூலோடு பேசுகிறான். 'ஆதிவேதம்' போன்ற ஒரு நூலுக்கு இரண்டும் தேவை. அதை வாயாரப் புகழ்வோரில் பலர் முழுக்க வாசித்ததில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதை எள்ளி நகையாடுவோரில் பலரும் நாலு சொற்பிறப்பை மட்டும் கேள்விப்பட்டவர்கள். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே.

செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. கடினச் சொல்லுக்குப் பொருளும், மேற்கோள் பாட்டுகள் எந்த நூலில் எந்த இடத்தில் உள்ளன என்ற குறிப்பும், இன்றைய ஆய்வு மாறுபடும் இடங்களைக் காட்டும் அடிக்குறிப்பும் கொண்ட ஒரு வாசிப்புப் பதிப்பு வேண்டும். தங்கவயலின் பிள்ளைகள் இன்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். மாமாவின் பேரனுக்கே தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வருகிறது. வெளிமாநிலத்தில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளின் நிலையும் அதுவே. நம்மைப் போன்ற சங்கங்கள் இப்பணியைக் கையில் எடுக்கலாம். அதுவரை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்கலாம். அது ஆதிவேதமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வீட்டில் எந்த நூலுக்குப் படம் மாட்டி மாலை போட்டிருக்கிறீர்களோ, அந்த நூலாக இருக்கட்டும். ஆனால் முழுக்க வாசியுங்கள், கையில் ஒரு பென்சிலோடு.